சர்பத் விற்ற காசில் ஒரு செவிலியர் கல்லூரி

தில்லியில் கோடை வந்துவிட்டால் நம் வீடுகளில் மோர், பானகம் ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் குளிர்சாதனப் பெட்டியில் இடம் பிடித்துவிடுகிறது. ரோஜா நிறத்தில், ஒரு கரண்டி விட்டாலே குடம் தண்ணீரும் சிவந்துபோகும் ரூஹ் அஃப்சா சர்பத்தைத்தான் சொல்கிறேன். ஊரில் நன்னாரி சர்பத் குடித்து வளர்ந்த நமக்கு முதல் வருடம் அதன் வாசனை பிடிக்காது. இரண்டாம் வருடம் பழகிவிடும். மூன்றாம் வருடம் ஊருக்குப் போகும்போது இரண்டு பாட்டில் பெட்டியில் வைத்து எடுத்துப் போவோம்.

அந்த சர்பத்துக்கும் நம் நகரத்தில் செவிலியர் படிப்புப் படிக்கும் பெண்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைப் பற்றியும், அதிலிருந்து நம் போன்ற தமிழ்க் குடும்பங்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பதைப் பற்றியும் இந்த இதழ் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. மத்திய அரசின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆகவே பணம் எங்கே போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்று பார்க்கும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

லால் குவானில் தொடங்கிய கதை

பழைய தில்லியில் 1906-ஆம் ஆண்டு ஹக்கீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீது என்ற யுனானி மருத்துவர் ஒரு மருந்துக் கடை தொடங்கினார். அதற்கு ‘ஹம்தர்த்’ என்று பெயர் வைத்தார். பிறர் வலியில் பங்குகொள்பவர் என்பது அந்தச் சொல்லின் பொருள். தில்லியின் வெயிலுக்கு இதமாக அவர் உருவாக்கிய சர்பத்துதான் ரூஹ் அஃப்சா. 1922-ல் அவர் காலமானார். அப்போது மூத்த மகன் அப்துல் ஹமீதுக்கு வயது பதினான்குகூட நிறையவில்லை. தாயார் ராபியா பேகம் கடையைக் கட்டிக் காத்தார். மகன் வளர்ந்து பொறுப்பேற்ற பின் கடை பெரிய நிறுவனமாயிற்று.

நாடு பிரிந்தபோது தம்பி பாகிஸ்தானுக்குப் போனார். அண்ணன் அப்துல் ஹமீது தில்லியிலேயே தங்கினார். 1948-ல் அவர் ஒரு காரியம் செய்தார். நிறுவனத்தை வக்ஃப் ஆக்கினார். அதாவது, அதன் வருமானம் கல்வி, மருத்துவம் முதலிய பொது நன்மைகளுக்குப் போகும்படி அறக்கட்டளையாக எழுதி வைத்தார். அந்த வருமானத்தை முறையாகச் செலவிட 1964-ல் ஹம்தர்த் தேசிய அறக்கட்டளை ஏற்பட்டது. துக்ளகாபாத் பக்கம் நிலம் வாங்கப்பட்டது. மருத்துவ வரலாற்று ஆராய்ச்சி நிலையம், கல்லூரிகள், தந்தையின் பெயரில் மஜீதியா மருத்துவமனை என்று ஒவ்வொன்றாக எழுந்தன. 1989-ல் இவையெல்லாம் சேர்ந்து ‘ஜாமியா ஹம்தர்த்’ என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயின. ஹக்கீம் சாகிப் 1999-ல் மறைந்தார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் உள்ளே ‘ருஃபைதா செவிலியர் கல்லூரி’ இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் மதீனாவில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்த ருஃபைதா என்ற பெண்மணியின் பெயர் அதற்கு. இளநிலைப் படிப்பு முதல் முனைவர் பட்ட ஆராய்ச்சி வரை அங்கே உண்டு. மெஹ்ரோலி-பதர்பூர் சாலை வழியாகப் போகிறவர்கள் அந்த வளாகத்தின் மதிலைப் பார்த்திருப்பார்கள். அதன் அஸ்திவாரத்தில் நாம் கோடைதோறும் வாங்கிய பாட்டில்களின் காசும் கொஞ்சம் இருக்கிறது.

நம் ஊரில் இது புதிதா?

வக்ஃப் என்ற சொல் வேறாக இருக்கலாம். அதன் உள்ளே இருக்கும் யோசனை தமிழருக்கு மிகப் பழையது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று ஒரு சொற்றொடர் வரும். ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள், சில ஊர்களில் 90 ஆடுகள், கோயிலுக்குக் கொடுப்பார்கள். ஆட்டை வைத்துக்கொள்ளும் இடையர் நாள்தோறும் குறிப்பிட்ட அளவு நெய் தர வேண்டும். கிழட்டு ஆடு செத்தாலும் குட்டி பிறந்து எண்ணிக்கை குறையாது. ஆகவே அந்த ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. முதல் அப்படியே இருக்க, பலன் மட்டும் செலவாகும் ஏற்பாடு. இன்றைக்கு வங்கியில் வைப்புநிதி போட்டு வட்டியை எடுப்பதும் இதுதானே!

அதுமட்டுமன்று. காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மாணவர்கள் தங்கிப் படித்த கல்விச்சாலைக்கும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலைக்கும் விட்ட நிவந்தங்களை அது சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள் என்று பட்டியல் போகிறது. அதில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவருக்கும் இடமுண்டு. அவர்களுக்கு உரிய ஊதியத்தையும் கல்வெட்டு வகுத்துச் சொல்கிறது. நோயாளியின் பக்கத்தில் நிற்பவளுக்கும் கட்டளையில் பங்கு உண்டு என்று ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த சமூகம் நம்முடையது.

நைட்டிங்கேல் நிதி

மேல்நாட்டில் செவிலியர் படிப்பு ஒரு முறையான படிப்பானதும் நன்கொடையால்தான். கிரிமியப் போரில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பணியாற்றிக்கொண்டிருந்தபோதே, 1855-ல், லண்டனில் ஒரு பொதுக்கூட்டம் கூட்டி அவர் பெயரில் நிதி திரட்டினார்கள். போர்வீரர்கள் தங்கள் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள். சுமார் 45,000 பவுன் சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பயிற்சிக்கு வந்த பெண்களின் சாப்பாடு, தங்குமிடம், கைச்செலவு ஆகியவற்றுக்கு நைட்டிங்கேல் நிதியே பொறுப்பேற்றது. பள்ளிக்கென்று சொந்தப் பணம் இருந்தது. பின்னால் உலகெங்கும் மருத்துவமனைகள் இந்தப் பள்ளியைப் பார்த்துத் தாங்களும் பள்ளி தொடங்கின. சீருடையைக் காப்பியடித்தார்கள், தொப்பியைக் காப்பியடித்தார்கள், ஒழுங்குமுறைகளைக் காப்பியடித்தார்கள். நிதியை மட்டும் காப்பியடிக்கவில்லை! விளைவு என்ன? மாணவியின் உழைப்பிலேயே பள்ளியின் செலவும் வார்டின் வேலையும் நடந்தன. பகலெல்லாம் வார்டில் வேலை, மிச்ச நேரத்தில் பாடம் என்றாயிற்று. படிக்க வந்த பெண் குறைந்த கூலிக்குக் கிடைத்த வேலையாள் ஆகிவிட்டாள்.

அமெரிக்காவில் இந்தக் கட்டை அவிழ்த்ததும் தனியார் கொடைதான். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1907-ல் அடிலெய்டு நட்டிங் என்ற செவிலியர் பேராசிரியரானார். அவருடைய துறை காலூன்ற ஹெலன் ஹார்ட்லி ஜென்கின்ஸ் என்ற பெண்மணி பெருங்கொடை அளித்தார். 1923-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் தனிச் செவிலியர் பள்ளி அமைந்தது. அதே 1923-ல் கிளீவ்லாந்து நகரில் ஃபிரான்சஸ் பெய்ன் போல்ட்டன் என்பவர் ஐந்து லட்சம் டாலர் கொடுத்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்வியை நிலைநிறுத்தினார். இவர் பணக்கார வீட்டுப் பெண். இளம் வயதில் வீடு வீடாகப் போகும் செவிலியரோடு சேர்ந்து ஏழைகளின் குடியிருப்புகளுக்குப் போனவர். அவர்கள் வேலையை நேரில் பார்த்ததால்தான் என்ன தேவை என்பது அவருக்குத் தெரிந்தது. மருத்துவமனைக் கட்டடம் கட்டித் தர எத்தனையோ பேர் இருந்தார்கள். இந்தப் பெண்கள் கொடுத்ததோ வேறு. மாணவிக்கு உட்கார்ந்து படிக்க நேரம் வாங்கிக் கொடுத்தார்கள். கட்டடத்துக்குக் கொடுப்பது எளிது. நேரத்துக்குக் கொடுப்பவர்கள் அபூர்வம்.

வேலூரும் தில்லியும்

நம் பக்கம் வருவோம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. 1885-ல் ஏற்பட்ட டஃபரின் நிதி, பெண்களுக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்யவும், பெண் மருத்துவர், செவிலியர், தாதியரைப் பயிற்றுவிக்கவும் நாடெங்கும் நன்கொடை திரட்டியது. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் மருத்துவமனை கட்ட, நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் தந்தார். அந்த மருத்துவமனை 1902-ல் திறக்கப்பட்டது. 1909-ல் அம்மையார் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அதற்குப் பின்னால் கடல் கடந்த ஊர்களின் பெண்கள் சேர்த்து அனுப்பிய சிறுசிறு காணிக்கைகளும் உண்டு.

தில்லிக்கு வந்தால், லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியும் கொடையில் எழுந்ததே. வைசிராயின் மனைவி சமஸ்தானாதிபதிகளிடமும் பொதுமக்களிடமும் நிதி கேட்டார். 1914 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். ஜூலையில் அவர் காலமாகிவிட்டார். 1916 பிப்ரவரியில் கல்லூரி திறக்கப்பட்டபோது அவர் பெயரையே வைத்தார்கள். மருத்துவக் கல்லூரியோடு செவிலியர் பயிற்சியும் அந்தத் திட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

1946-ல் வெளியான போர் குழுவின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 7,000 செவிலியரே இருப்பதாகக் கணக்குச் சொன்னது. ஏறக்குறைய 43,000 பேருக்கு ஒருவர்! அதே 1946-ல்தான் தில்லியிலும் வேலூரிலும் பல்கலைக்கழகப் பட்டம் தரும் செவிலியர் கல்லூரிகள் தொடங்கின. நம் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியதும் 1946-ல்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தில்லிக் கல்லூரி மத்திய அரசு நடத்துவது. தில்லிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இப்போது மூல்சந்த் அருகே இருக்கும் ராஜ்குமாரி அம்ரித் கௌர் செவிலியர் கல்லூரிதான் அது. 1959-ல் நாட்டின் முதல் முதுநிலைச் செவிலியர் படிப்பு அங்கேதான் தொடங்கியது.

அந்தப் பெயருக்கு உரியவர் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர். கபூர்தலா அரச குடும்பத்தவர். காந்தியடிகளின் செயலாளராக இருந்தவர். எய்ம்ஸ் நிறுவனம் உருவாகப் பாடுபட்டவர். சிம்லாவில் இருந்த ‘மேனர்வில்’ என்ற தம் குடும்ப மாளிகையை எய்ம்ஸுக்குக் கொடுத்தார். அங்கு வேலை செய்வோரும் செவிலியரும் விடுமுறைக்குப் போய் ஓய்வெடுக்க! செவிலியருக்கும் களைப்பு உண்டு, அவர்களுக்கும் மலைக்காற்று வேண்டும் என்று நினைத்த கொடையாளி எத்தனை பேர்?

செவிலியர் ஆராய்ச்சி என்றால் என்ன?

படிப்புக்கு உதவலாம், சரி. “நர்ஸ் வேலையில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு என் வீட்டிலேயே ஒரு பதில் கிடைத்தது.

1991-ல் என் மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. பார்க்க வந்த உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முதுகில் பவுடர் போடு, ஸ்பிரிட் தடவு, தேங்காய் எண்ணெய் தேய் என்றார்கள். எதிர் பிளாக்கில் நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். டியூட்டி முடிந்து வரும் வழியில் எட்டிப் பார்த்தவள், மாமியாரின் இடுப்புப் பக்கம் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

“அக்கா, எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம். ரெண்டு மணிக்கு ஒருக்க திருப்பிப் படுக்க வையுங்க. ஒழியும்போது செய்யலாம்னு விடாதீங்க, கடிகாரத்தப் பாத்துச் செய்யுங்க” என்றாள்.

“ராத்திரியிலுமா?”

“ராத்திரியில்தான் முக்கியம் அக்கா. நான் டியூட்டி இல்லாத அன்னைக்கு வந்து ஒரு முறை திருப்பிட்டுப் போறேன்.”

ஒரு தாளில் நேரம் எழுதிச் சுவரில் ஒட்டினோம். என் கணவரும் நானும் முறை வைத்துக்கொண்டோம். பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார் மாமியார். ஒரு புண்கூட வரவில்லை.

அந்தப் பெண் சொன்னது வெறும் அனுபவ வார்த்தை என்று அப்போது நினைத்தேன். அதன் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருந்தது என்பது பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர், வேறு இருவரோடு சேர்ந்து, மருத்துவமனையில் படுத்திருக்கும் முதியவர்களின் படுக்கைப் புண்களை ஆராய்ந்தார். தைலமும் களிம்பும் தேய்ப்பதைவிட, ஒரே இடத்தில் அழுத்தம் விழாமல் அடிக்கடி திருப்பிப் படுக்க வைப்பதே பயன் தருகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலம் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் கொடுத்து, கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் புண் வரும் அபாயம் என்று கண்டுகொள்ளும் முறையையும் வகுத்தார்கள். கூட்டல் தெரிந்த யாரும் பயன்படுத்தலாம். 1962-ல் அந்த ஆய்வை நூலாக வெளியிட்டது அரசு அன்று. முதியோர் நலனுக்காக நஃபீல்டு அறக்கட்டளையின் முயற்சியில் உருவான ஓர் அமைப்பு.

இந்தக் கேள்வியை மருந்து நிறுவனம் கேட்டிருக்குமா? திருப்பிப் படுக்க வைப்பதில் விற்பதற்கு ஒன்றும் இல்லையே! மருத்துவரும் கேட்டிருக்க வாய்ப்புக் குறைவு. இரவு இரண்டு மணிக்குப் படுக்கையருகே நிற்பவருக்குத் தோன்றும் கேள்வி இது. அவருக்குப் படிக்கவும், எண்ணிப் பார்க்கவும், எழுதி வைக்கவும் யாரேனும் பணம் கொடுத்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். தனியார் கொடை செய்யக்கூடிய வேலை அதுவே.

நம்மிடையே இருக்கும் நிலை

தில்லித் தமிழர்கள் கொடுக்காதவர்கள் அல்லர். ராமகிருஷ்ணபுரம் மலைக்கோயிலைப் பாருங்கள். டி.டி.இ.ஏ. பள்ளிகளைப் பாருங்கள். சம்பளக்காரர்கள் மாதாமாதம் கொடுத்துக் கட்டியவை. நான் குடியிருக்கும் பகுதியிலும் ஒரு சிறு சங்கம் உண்டு. பொங்கல் விழா, கோலப்போட்டி, பட்டிமன்றம் இவற்றோடு ஆண்டுதோறும் ஜூன் மாதம் கல்வி உதவியும் வழங்குகிறோம். அந்த உபகுழுவில் நான் சில ஆண்டுகளாக இருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்ணப்பம் வந்தது. தெற்கு தில்லியில் வீட்டு வேலை செய்யும் ஒரு தாயின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. நேர்காணலுக்கு வந்தபோது குழுவில் மூத்தவர் ஒருவர் கேட்டார்:

“நர்ஸ் வேலையாம்மா? ராத்திரி டியூட்டி எல்லாம் இருக்குமே. பேசாம பி.காம். சேர்ந்துடேன்.”

அந்தப் பெண் தலையை நிமிர்த்திச் சொன்னாள்: “சார், எங்கம்மா ராத்திரி பத்து மணிக்குத்தான் வேலை முடிஞ்சு பஸ் ஏறுறாங்க. அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்.”

அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு பத்தாயிரம் ரூபாய் அனுமதித்தோம். அடுத்த ஆண்டு அவள் மறுபடி விண்ணப்பித்தாள். ஒருவருக்கு ஒரு முறை மட்டுமே உதவி என்பது விதி என்று அலுவலகத்திலிருந்து பதில் போயிற்று. அதே ஆண்டில் எங்கள் கூடத்துக்குக் குளிர்சாதனம் பொருத்தினோம். ஒவ்வொரு இயந்திரத்தின் கீழும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. நான் எதிர்த்துப் பேசியது கூட்டக் குறிப்பேட்டில் ஒரு வரியாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண் கல்விக் கடனிலும் தாயின் ஒரு ஜோடி வளையலை விற்ற பணத்திலும் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

நான் அவளிடம் செலவுக் கணக்குக் கேட்டு வாங்கினேன். கட்டணம் ஒரு பங்குதான். சீருடை இரண்டு ஜோடி, வெள்ளைக் காலணி, பாடநூல்கள், மருத்துவமனைப் பயிற்சிக்கும் கிராமப் பயிற்சிக்கும் போய்வரும் செலவு, விடுதிச் சாப்பாடு என்று மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜங்புராவில் மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டபின் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது அன்பர்களுக்குத் தெரியும். அங்கிருந்து நகரத்துக்குள் படிக்க வரும் பெண்ணுக்குப் போக்குவரத்தே பெரும் பாரம். ஒரு முறை கொடுக்கும் பத்தாயிரம் சேர்க்கைக்கு உதவும். படிப்பை முடிக்க உதவாது. ஒரு நாள் மட்டும் நெய் ஊற்றிவிட்டு நந்தா விளக்கு என்று சொல்ல முடியுமா?

ஒரு சிறிய கணக்கு

ஹக்கீம் சாகிப்பைப் போல நிறுவனத்தையே எழுதி வைக்க நம்மால் ஆகாது. போல்ட்டன் அம்மையாரின் செல்வமும் நம்மிடம் இல்லை. ஆனால் ஆடுகளைச் சேர்க்கலாம்.

ஒரு சங்கத்தில் 200 குடும்பங்கள் தலைக்கு 5,000 ரூபாய் கொடுத்தால் பத்து லட்சம் ஆகிறது. வட்டி ஏறும், இறங்கும். கணக்குக்கு 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 70,000 ரூபாய் வரும். அதில் இரண்டு மாணவிகளுக்கு ஆளுக்கு 25,000. அடுத்து 10,000 ரூபாய், முதுநிலை படிக்கும் ஒரு செவிலியரின் ஆய்வுச் செலவுக்கு. கேள்வித்தாள் அச்சிடவும், வீடு வீடாகப் போய்வரவும், எடை பார்க்கும் கருவி வாங்கவும் அது உதவும். மீதி 10,000 முதலோடு சேர வேண்டும். விலைவாசி ஏறுகிறதே! குட்டி போடாத ஆடு மூத்துப் போகும்.

விதிகள் நான்கு போதும் என்பது என் எண்ணம். முதலாவது, தேர்ந்தெடுத்த மாணவிக்குத் தேர்ச்சி பெறும்வரை நான்கு ஆண்டும் உதவி உறுதி. ஆண்டுதோறும் வாசலில் நிற்கவைக்கக் கூடாது. இரண்டாவது, படிப்பு முடிந்ததும் இங்கேதான் வேலை பார்க்க வேண்டும் என்பது போன்ற கட்டு எதுவும் வேண்டாம். மூன்றாவது, தேர்வுக் குழுவில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவராவது இருக்க வேண்டும். தில்லி மருத்துவமனைகளில் முப்பது வருடம் உழைத்த தமிழ்ச் செவிலியர் நம்மிடையே இருக்கிறார்கள்; விழா மேடையில் அவர்களை நாம் பார்த்ததில்லை, அவ்வளவுதான். நான்காவது, கணக்கு ஆண்டுதோறும் இதழில் அச்சாக வேண்டும்.

ஆய்வுக்குப் பொருள் வேண்டுமா? நம் வீடுகளிலேயே இருக்கிறது. மகனோடு இருக்க ஊரிலிருந்து வந்த தாய்க்கு மருத்துவமனை தரும் சீட்டு ஆங்கிலத்தில். சொல்லும் விளக்கம் இந்தியில். மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று அவர் எப்படித் தெரிந்துகொள்கிறார்? சர்க்கரை நோய் உள்ள நம் முதியவர்கள் தில்லிக் குளிரில் கால்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? இவற்றை ஒரு மாணவி நூறு வீடுகளில் கேட்டு எழுதினால், அதன் பயன் தமிழருக்கு மட்டுமன்று, இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த வங்காளி, ஒரியா, மலையாளி எல்லாருக்கும்தான்.

எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவர எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏற்பார்களா என்பது அன்றைக்குத்தான் தெரியும். என் பங்கு 5,000 ரூபாய்க்கான காசோலையையும் அதோடு இணைத்திருக்கிறேன். மற்ற சங்கத்து அன்பர்களும் தங்கள் ஊரில் இதை யோசித்துப் பார்க்கலாம். மும்பையிலோ கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ இருப்பவர்களுக்கும் பக்கத்தில் ஒரு செவிலியர் கல்லூரி இருக்கும். அதன் முதல்வரைப் போய்ப் பார்த்து, “எந்த மாணவி பணமில்லாமல் தடுமாறுகிறாள்?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

கூடத்தின் குளிர்சாதனம் பத்து வருடத்தில் பழுதாகும், பெயர்ப்பலகையோடு கழற்றிவிடுவார்கள். படித்து முடித்த ஒரு செவிலியர் முப்பத்தைந்து வருடம் வேலை செய்வார். எத்தனை பேரை இரவில் திருப்பிப் படுக்க வைப்பார் என்பதை நான் கணக்குப் போட முயலவில்லை. எந்தச் செலவு பேரேட்டில் அதிக நாள் நிற்கும் என்பதை அன்பர்களே முடிவு செய்யட்டும்.